திருடன் பாட்டில் ஒரு தேசம்

பாஞ்சாலி சபதம் பற்றி எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரே பாடம்தான்: பாஞ்சாலி பாரதமாதா, துரியோதனன் வெள்ளைக்காரன். இந்த முடிச்சை அவிழ்த்ததும் கவிதையைப் படித்து முடித்துவிட்டதாக எண்ணுகிறோம். பாரதியின் தேசபக்தி உருவகத்தைவிட ஓசையிலேயே ஆழமாக இருக்கிறது என்பது என் கட்சி.

முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. முழுநூலை அச்சில் காணப் பாரதி இருக்கவில்லை. முப்பதுகளின் 'மகாகவியா, இல்லையா' சண்டை பட்டத்தைச் சுற்றியே நடந்தது. விமர்சகர் கைலாசபதியின் 'இரு மகாகவிகள்' (1962) பாரதியைத் தாகூருக்குப் பக்கத்தில் நிறுத்திச் சமூகப் பார்வையைத் திறந்துவிட்டது. பெரிய காரியம்தான்.

ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அறுபதுகளை நினைத்தால் மனம் ஆறவில்லை. அங்கே தமிழ் கற்பித்த வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன் என்று கூத்துகளை மேடையேற்றினார். மத்தளத்தின் ஓசை பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டது. இங்கே படித்த கைலாசபதி, 1968இல் வெளியான தம் ஆங்கில நூலில், சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்தார். இரண்டு வழியும் சபதத்தில் வந்து கூடியிருக்க வேண்டும். கூத்து மேடையோடும், வீரயுகம் சங்கத்தோடும் நின்றுபோயின.

பாரதி இக்காவியத்தில் பெரிதும் நம்பிய நொண்டிச்சிந்து எங்கிருந்து வந்தது? களவு செய்து காலிழந்தவன் மேடையேறித் தன் கதையைத் தானே பாடிய பாட்டு அது. காவியம் என்றால் விருத்தம் என்றிருந்த புலவர் உலகத்தில், திருடன் பாட்டில் ஒரு தேசத்தின் மானத்தைப் பாடத் துணிந்தார் பாரதி. பொதுமக்கள் விரும்பும் மெட்டு வேண்டும் என்று முன்னுரையிலேயே சொல்லிவைத்தார்.

தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டு உவமைகள். பூசகர் கோயில் சிலையை விற்கிறார். வாசற்காவலன் வீட்டைச் சூதில் தோற்கிறான். காக்க வைத்தவனே களவாடுகிறான். உவமை இவ்வளவுதான். சிந்து செய்வது வேறு. மூன்று சீர் நடந்து, நான்காவதாகத் தனிச்சொல்லில் குரல் ஒரு கணம் தரிக்கிறது. முதலில் அங்கே வருவது சிலை, அடுத்து வீடு. பறிபோகும் பொருள் ஒவ்வொன்றும் அந்தத் தரிப்பில் நம் கண்முன் நிற்க, அடுத்த சீரில் கைமாறுகிறது. பிறகு அதே இடத்தில் நீதி வருகிறது. கடைசியில், தேசமே போனபின், அந்தத் தரிப்பில் பொருள் எதுவும் மிஞ்சவில்லை. அங்கே விழுவது ஒரு 'சீச்சீ'.

பாஞ்சாலி இழுத்துச் செல்லப்பட்டபோது தெருவில் கூடிநின்று வெறுமனே புலம்பிய சனத்தைக் கவிஞர் பின்னால் மரங்களென்று ஏசுகிறார். பாஞ்சாலியைப் பாரதமாதாவாக்கிப் படிப்பவன் அந்தத் தெருவுக்கு வெளியே நின்று விளக்கம் சொல்கிறான். சிந்தைப் பாடுகிறவனால் வெளியே நிற்க முடியாது. 'சீச்சீ' அவன் வாயிலிருந்தே வந்தாக வேண்டும்.