மார்வின் யங் எழுதிய மூன்று பாடல்கள்

ஒரே பாட்டோடு ஓய்ந்துபோனவர்கள் என்று ராப் இசைக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வானொலியில் ராப் பரவலாக ஒலிக்கத் தொடங்கிய 1989–1992 காலத்துப் பாடகர்கள் பலர் அதில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அந்தப் பட்டியலை நான் ஏற்பதில்லை. பில்போர்டு தரவரிசையில் யார் குரல் ஏறியது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. பாட்டை யார் எழுதினார், உரிமை யாரிடம் இருந்தது என்று கேட்பதில்லை. இதனால் அதிகம் இழந்தவர் யங் எம்சி.

மார்வின் யங் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1967-இல் லண்டனில் பிறந்து, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்தவர். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தபோது, மாட் டைக்கும் மைக்கேல் ராஸும் லாஸ் ஏஞ்சலிஸில் நடத்திய டெலிஷியஸ் வினைல் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவருடைய எழுத்து முதலில் ஊரறிய ஒலித்தது இன்னொருவர் தொண்டையில். ராப் பாடகர் டோன் லோக்கின் கரகரத்த குரலில் ‘வைல்ட் திங்’ இரண்டாம் இடத்துக்கும், ‘ஃபங்கி கோல்ட் மெடினா’ மூன்றாம் இடத்துக்கும் ஏறின. இரண்டின் வரிகளிலும் யங்கின் பங்கு உண்டு. அதே 1989-இல் அவரே பாடிய ‘பஸ்ட் எ மூவ்’ ஏழாம் இடம் பெற்றது. ஓராண்டில் முதல் பத்துக்குள் மூன்று பாடல்கள்; எழுதியவர் என்ற வகையில் மூன்றிலும் இவர் பெயர். இவரையா ஒற்றைப் பாட்டுக்காரர் என்பது?

‘பஸ்ட் எ மூவ்’ பாட்டின் கட்டுமானத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். கூச்சம் மிகுந்த இளைஞன் ஒருவனை ‘நீ’ என்று முன்னிலையில் நிறுத்திக் கதை நகர்கிறது. விருந்து, கடற்கரை, திரையரங்கு, திருமணம் எனக் காட்சிகள் மாறுகின்றன. ஒவ்வொன்றிலும் தயக்கம் வளர்ந்து, ஒரே உந்துதலில் போய் முட்டுகிறது. இயைபுகள் ஈரடிகளாக விழுகின்றன. வேகமாகப் பாடியும் ஒரு சொல்கூட மழுங்கவில்லை. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ வாசித்த பேஸ் கிதார் அடியில் துள்ளுகிறது. வசை இல்லாமல், சண்டை இல்லாமல், சிறுகதையின் சிக்கனத்தோடு எழுதப்பட்ட பாட்டு இது.

1990-இல் இதற்குக் கிராமி விருது கிடைத்தது. பப்ளிக் எனிமி குழுவின் ‘ஃபைட் த பவர்’ அதே பிரிவில் தோற்றது. அரசியல் கூர்மையில் அந்தப் பாட்டுக்கு ஈடில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விருதுக் குழுவின் தேர்வுக்காக யங்கை இலேசானவர் என்று ஒதுக்குவது நியாயமல்ல. எளிய பேச்சில் கதை சொல்வதும் ராப்பின் மூலத் திறன்களுள் ஒன்றுதான்.

பிறகு நடந்தது வணிகத்தின் கதை. டெலிஷியஸ் வினைல் நிறுவனத்தோடு பிணக்கு, வழக்கு, விலகல். கேபிடல் நிறுவனத்துக்காக 1991-இல் செய்த ‘பிரெய்ன்ஸ்டார்ம்’ ஆல்பம் முதல் ஆல்பத்தின் உயரத்தைத் தொடவில்லை.

அதே பட்டியலில் வைக்கப்படும் ராப் பாடகர் வனில்லா ஐஸின் வீழ்ச்சி வேறு வகை. ‘ஐஸ் ஐஸ் பேபி’ 1990-இல் பில்போர்டின் முதலிடத்தை எட்டிய முதல் ஹிப்ஹாப் பாடல். அதன் பேஸ் இழை குயீன் குழுவும் டேவிட் போவியும் பாடிய ‘அண்டர் பிரஷர்’ பாட்டிலிருந்து எடுத்தது. முதலில் அவர்கள் பெயரே குறிப்பிடப்படவில்லை. வனில்லா ஐஸின் இளமைக்காலம் பற்றிப் பரப்பப்பட்ட கதைகளும் பொய்த்தபோது அவர்மேல் இருந்த நம்பிக்கை சரிந்தது. இங்கே பட்டியலின் தீர்ப்பு ஓரளவு பொருந்துகிறது.

சியாட்டிலின் சர் மிக்ஸ்-எ-லாட்டுக்கு அது அறவே பொருந்தாது. ஆண்டனி ரே என்ற இயற்பெயர் கொண்ட இவர், ராப்புக்குப் பெயர்பெறாத தன் ஊரிலேயே நாஸ்டிமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கூட்டாளிகளில் ஒருவர். 1988-இல் ‘ஸ்வாஸ்’ ஆல்பத்தால் நாடறிந்தவரானார். 1992-இல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்த ‘பேபி காட் பேக்’ அதற்குப் பிறகு வந்தது. மெலிந்த உடலே அழகு என்று பத்திரிகைகள் வரைந்த இலக்கணத்தை எதிர்த்து, கறுப்பினப் பெண்களின் உடல்வாகைக் கொண்டாடிய அந்தப் பாட்டின் காணொளியைப் பகலில் காட்ட எம்டிவி மறுத்தது. 2014-இல் நிக்கி மினாஜ் அதை ‘அனகோண்டா’வில் எடுத்தாண்டார். அந்தப் பாட்டு இரண்டாம் இடம்வரை சென்றது; பாடலாசிரியர் வரிசையில் ஆண்டனி ரேயின் பெயரும் அச்சாகியிருக்கிறது.