விளையாட்டு வினையான கதை: ‘ஸ்டோவர் அட் யேல்’ புதினம் பற்றி ஒரு திறனாய்வு

விளையாட்டு வினையாகும் என்பது தமிழர் வழங்கிவரும் முதுமொழி. வேடிக்கையாகத் தொடங்கியது வேதனையில் முடியும்போது அதனைச் சொல்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு இன்னொரு பொருளிலும் வினையாயிற்று. மகிழ்ச்சிக்காக ஆடிய ஆட்டம், பயன் கருதிச் செய்து முடிக்க வேண்டிய தொழிலாக மாறியது. அந்த மாற்றத்தை உள்ளே நின்று கண்டவர் ஓவன் ஜான்சன். அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், தாம் அறிந்த மாணவர் வாழ்வை வைத்து எழுதி 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினமே ‘ஸ்டோவர் அட் யேல்’.

புதினத்தை எடைபோடுமுன் அதன் பின்புலத்தை அறிதல் நலம். 1852ஆம் ஆண்டில் ஹார்வர்டு, யேல் மாணவரிடையே நடந்த படகுப் போட்டியே அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான முதல் விளையாட்டுப் போட்டி. அதன் செலவை ஏற்றதோ பயணிகளை ஈர்க்க விரும்பிய ஓர் இரயில் நிறுவனம்! வாணிபத்தின் நிழல் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. 1869ஆம் ஆண்டில் ரட்கர்ஸ் அணி பிரின்ஸ்டனை 6க்கு 4 என்று வென்றபோது, அணிக்கு 25 பேர் களத்தில் முட்டி மோதினர். அந்தக் கட்டற்ற ஆட்டத்தை ஒழுங்கான அமெரிக்கக் காற்பந்தாக்கியவர்களுள் தலையாயவர் யேலின் வால்டர் கேம்ப். 1880இல் அணிக்கு 11 பேர் என வரையறுத்ததும், 1882இல் மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும் என விதித்ததும் அவர் முன்னின்று கொணர்ந்த மாற்றங்கள். அவர் பணியாற்றிய இடம் நியூஹேவன் நகரத்துக் கடிகார நிறுவனம். அவர் பயிற்றிய 1888ஆம் ஆண்டு அணியும் கடிகாரம் போலவே இயங்கியது. 13 ஆட்டங்களில் 698 புள்ளிகள் குவித்தது. எதிரணிகளுக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்கவில்லை.

இத்தகைய வெற்றியை வழிபடும் உலகினுள் அடியெடுத்து வைக்கிறான் கதைத்தலைவன் டிங்க் ஸ்டோவர். வந்தவுடனேயே மூத்த மாணவன் லே பாரன் அவனுக்கு வழிகாட்டுகிறான். யாருடன் பழக வேண்டும், யாரை விலக்க வேண்டும், எந்த மறைவுச் சங்கத்தில் இடம் பெற்றால் மதிப்பு என்பதே அவன் புகட்டும் பாடம். வகுப்பறை ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. காற்பந்துக் களமோ அச்சங்கங்களுக்கு ஏறும் படிக்கட்டாகிறது.

இந்நூலின் உயிர்ப்பான பகுதி பிராக்ஹர்ஸ்ட் என்னும் மாணவன் எழுப்பும் கண்டனமாகும். கல்லூரிகள் வாணிபக் கூடங்களாகிவிட்டன என்கிறான் அவன். போட்டியிலே இயல்பாகச் சுரக்க வேண்டிய இன்பம் போய், வெற்றியை ஈட்டித்தரும் அமைப்பு மட்டுமே எஞ்சி நிற்கிறது என்று சாடுகிறான். சொந்த உழைப்பால் பொருளீட்டிப் படிக்கும் ரீகனின் நட்பும் ஸ்டோவரின் கண்களைத் திறக்கிறது. அவன் தான் சேர்ந்த இரண்டாம் ஆண்டுச் சங்கத்திலிருந்து விலகுகிறான். பழைய நண்பர்கள் முகம் திருப்பிக்கொள்கின்றனர். ஒரு விளையாட்டு வீரனின் புகழ்க்கதையாக முடிந்திருக்கக் கூடியதை மனச்சான்றின் கதையாக உயர்த்திய துணிவு பாராட்டுக்குரியது.

ஆனால், துணிந்து நடந்த ஆசிரியர் கடைசி அடியில் தடுமாறுகிறார். ஒவ்வொரு மூத்த சங்கமும் 15 பேரை மட்டுமே தேர்ந்தெடுக்கும் நாள் வருகிறது. தோளில் விழும் ஓர் அடியே தேர்வின் அடையாளம். மாணவர் அனைவரும் ஏங்கி நிற்க, ‘மண்டையோடும் எலும்புகளும்’ என்னும் பெயர்கொண்ட தலையாய சங்கத்தின் அடி ஸ்டோவரின் தோளிலேயே விழுகிறது! எந்த மதிப்பு முறையை எதிர்த்தானோ, அதே முறையின் மகுடத்தை ஆசிரியர் அவனுக்குச் சூட்டுகிறார்.

எதிர்த்து நின்றவனையும் மதிக்கும் பெருந்தன்மை யேலுக்கு உண்டு என்று காட்டவே இம்முடிவு எனச் சிலர் வாதிடலாம். அவ்வாறாயின் எதிர்ப்புக்கு விலை ஏது? இழப்பை ஏற்கத் துணிந்தவனின் சொல்லுக்கே எடை உண்டு. ஸ்டோவர் இழக்கத் துணிந்தான் என்பது மெய். ஆசிரியர்தாம் அவனை இழக்க விடவில்லை. இறுதியில் அவன் வெறுங்கையோடு, ஆனால் நிமிர்ந்த தலையோடு அறைக்குத் திரும்பியிருந்தால், பிராக்ஹர்ஸ்டின் கேள்வி வாசகன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கும். பரிசு கிடைத்ததும் அந்த முள் பிடுங்கப்பட்டுவிடுகிறது.

இதன் விளைவை இலக்கியமே பதிந்து வைத்துள்ளது. 1920இல் வெளிவந்த ஸ்காட் ஃபிட்ஜெரால்டின் ‘திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்’ புதினத்தின் இளந்தலைவனுக்கு இந்நூல் ஒரு பாடநூல் போல் அமைகிறது. எச்சரிக்கையாக எழுதப்பட்டது, ஏறுவதற்கான ஏணியாகப் படிக்கப்பட்டிருக்கிறது. குற்றம் வாசகருடையது மட்டுமன்று. வாய் கண்டித்ததைக் கை வழங்கியது.

ஆயினும், இக்குறையால் நூல் ஒதுக்கத் தக்கதாகிவிடாது. மாணவன் எதற்காகக் கல்லூரிக்கு வருகிறான், எதற்காக ஆடுகளத்தில் இறங்குகிறான் என்ற கேள்விகளை யேலின் மகனாகிய ஒருவரே அக்கல்லூரியின் முகத்துக்கு நேரே எழுப்பினார். விடையில் தவறினாலும் வினாவில் தவறவில்லை. சமூகத்தைச் சாட எழுதுகோல் எடுப்போர் இந்நூலிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு: கதைமாந்தன் வெறுத்த பரிசை அவன் கையிலேயே திணித்துக் கதையை முடிப்பது அவனுக்குச் செய்யும் நன்மையன்று.