ஐம்பது ஸ்கொயர் செம்பு

1959இல் வெளிவந்த மினி காருக்காக அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். பத்தடி நீளக் காரில் நான்கு பேர் உட்கார வேண்டுமே! எல்லாவற்றையும் பானட்டுக்குள் திணித்து முடித்தபோது பேட்டரிக்கு மட்டும் இடமில்லை. அது டிக்கியின் தரையில் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து முன்பக்கத்துக்கு, காரின் அடிப்புறமாகவே ஒரு தடித்த கேபிள் ஓடியது. தொடக்க கால மினிகளில் ஸ்டார்ட்டர் பொத்தானும் முன்சீட்டுகளுக்கு நடுவே தரையில்தான் இருந்தது. ஓட்டுபவர் அழுத்த, செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மொத்த மின்னோட்டமும் அந்தப் பொத்தான் வழியாகவே பாய்ந்தது. மினியின் ரப்பர் சஸ்பென்ஷனையும் பத்தங்குலச் சக்கரத்தையும் புகழ ஆளுண்டு. எனக்குப் பிடித்தது அந்தக் கேபிள்.

பிற்பாடு வேறு பலரும் பேட்டரியைப் பின்னால் அனுப்பினார்கள். 1989இன் மாஸ்டா எம்எக்ஸ்-5இல் அது டிக்கியில். 1998இல் வந்த பி.எம்.டபிள்யூ ஈ46இலும் டிக்கியில்தான். முன்பாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது, எஞ்சின் சூட்டிலிருந்து பேட்டரியைக் காப்பது, டர்போவுக்கு இடம் ஒழிப்பது என்று காரணங்கள் உண்டு. இதே காரணங்களுக்காகத் தங்கள் காரில் பேட்டரியை இடம் மாற்றுகிறவர்கள் பேட்டரி வைக்கும் பெட்டியையும் அதைக் கட்டும் பட்டையையும் பற்றித்தான் நிறைய யோசிக்கிறார்கள். கலை முழுவதும் இருப்பது நடுவே ஓடும் அந்த ஐந்து மீட்டரில்.

வீட்டில் 230 வோல்ட்டில் அரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. காரில் இருப்பதே 12. செல்ஃப் அடிக்கும் நொடியில் பேட்டரி தானாகவே பத்து, பதினொன்று என்று இறங்கி நிற்கும். சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சுற்றிவிட நூறிலிருந்து இருநூறு ஆம்பியர் வேண்டும். முதல் கணத்தில் அதற்கும் மேலே. ஐந்து மீட்டர் செம்புக் கேபிளில் 200 ஆம்பியர் ஓடுவதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 ஸ்கொயர், அதாவது 16 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கேபிள், 1.2 வோல்ட்டைத் தின்றுவிடும். 25 ஸ்கொயர் என்றால் 0.8. 35க்கு 0.55. 50க்கு 0.39. 70க்கு 0.27.

இந்த எண்வரிசை இறங்கும் விதத்தைக் கவனியுங்கள். 16இலிருந்து 25க்குப் போனால் 0.4 வோல்ட் லாபம். 50இலிருந்து 70க்குப் போனால் 0.12தான். எடையோ அந்தச் சலுகையெல்லாம் தராமல் ஏறிக்கொண்டே போகும். ஐந்து மீட்டர் 50 ஸ்கொயரில் செம்பு மட்டும் இரண்டேகால் கிலோ, 70 ஸ்கொயரில் மூன்று கிலோவுக்கு மேல். பாரத்தைச் சீர்செய்யக் கிளம்பி, பாரத்தைக் கூட்டிக்கொள்ளும் வேடிக்கை இது. ஐந்து மீட்டருக்கு, பெட்ரோல் எஞ்சினுக்கு, 50 ஸ்கொயர்தான் என் தீர்ப்பு. மினியைப் போல மூன்று மீட்டரில் வேலை முடிந்தால் 35 தாராளம். பெரிய டீசல் என்றால் 70க்கு யோசிக்க வேண்டாம்.

அமெரிக்க கேஜ் கணக்கில் 50 ஸ்கொயருக்கு நெருங்கியது 1/0, அதாவது 53.5 ஸ்கொயர். எண் குறையக் குறையத் தடிமன் கூடும். மூன்று படி இறங்கினால் குறுக்குப் பரப்பு இரட்டிக்கும். (அழகான ஏற்பாடுதான். ஆனால் நம் ஊர் எலெக்ட்ரிகல் கடையில் ஸ்கொயர் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.)

கேஜ் எண் பெரிய எழுத்தில் அச்சான கார் ஆடியோ கேபிள்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சிலவற்றில் உறைதான் தடிமன். சிலவற்றில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். செம்பின் கடத்துத்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதற்கு உண்டு. 50 என்று வாங்கினால் 33க்குத்தான் வேலை செய்யும். கையில் எடுத்த உடனே லேசாக இருக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

நான் வாங்கச் சொல்வது வெல்டிங் கேபிள். 0.2 மில்லிமீட்டர் இழையில் செய்த 50 ஸ்கொயர் என்றால் ஏறத்தாழ 1,600 இழைகள் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். உறையை உரித்து, வெட்டிய முனையை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கற்றையும் தனியாக முறுகி, கற்றைகள் எல்லாம் மறுபடி ஒன்றைச் சுற்றி ஒன்று முறுகி, ஒரே சீராக இளஞ்சிவப்பில் மின்னும். இத்தனை நுண்ணிழை எதற்கு? மின்னோட்டம் மேற்பரப்பிலேயே ஓடும் என்று ஆடியோக்காரர்கள் சொல்லும் கதை நேர் மின்னோட்டத்துக்குச் செல்லாது. வளைவதற்காகத்தான் அவ்வளவும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஒவ்வொரு கிளப்பலிலும் குலுங்கும். கேபிளின் முன்முனையும் கூடவே ஆடும். தடித்த இழை கொஞ்ச நாளில் களைத்து முறியும். நுண்ணிழை வளைந்துகொடுக்கும். அங்கே ஒரு சிறு தொய்வும் விட்டிருந்தால் கேபிளுக்கு வருத்தமே இல்லை.

அடுத்தது கேபிளின் முனையில் மாட்டும் லக். வெள்ளீயம் பூசிய செம்பு லக்கின் தட்டையான நெற்றியில் 50-8 என்று பொறித்திருக்கும்: 50 ஸ்கொயர் கேபிளுக்கு, 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு. இதைச் சுத்தியலால் அடித்து நசுக்குகிறவர்களும் உண்டு, சால்டர் ஊற்றி நிரப்புகிறவர்களும் உண்டு. முதலாவது வேலையே அல்ல. இரண்டாவதில் ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது நின்ற இடத்தில் கேபிளை விறைப்பாக்கிவிடும். குலுக்கலில் சரியாக அந்த விளிம்பில்தான் இழைகள் முறியும். ஹைட்ராலிக் கருவியில் 50க்கான அறுகோண டையைப் பூட்டி அழுத்துவதுதான் முறை. நன்றாக அழுத்திய ஒரு லக்கைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: உருண்டையாக இருந்த ஆயிரத்து அறுநூறு இழைகளும் ஒன்றை ஒன்று நெருக்கி, இடைவெளியே இல்லாமல் பலகோணங்களாகி, தேன்கூட்டைப் போல அடைந்து நிற்கும். காற்று புகாத இடத்தில் களிம்பு ஏறாது. பட்டறையில் ஒருவர் செய்யும் கைவேலையில் இவ்வளவு முழுமையானது வேறொன்றை நான் பார்த்ததில்லை. அதன் மேல் உள்பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சுருக்கும்போது, விளிம்பில் மெல்லிய வளையமாகப் பசை எட்டிப் பார்த்தால் சூடு போதும் என்று அர்த்தம்.

நுணுக்கம் இன்னொன்று உண்டு. லக் போட்ட கேபிள் பானட்டுக்குப் போகும் தகட்டின் ரப்பர் குரோமெட்டுக்குள் நுழையாது. ஆகவே ஒரு முனையை மேசையில் முடித்துவிட்டு, கேபிளைக் கதவோரத் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டி, குரோமெட்டைத் தாண்டிய பிறகே மறுமுனைக்கு லக் போட வேண்டும். கருவிதான் காரிடம் வரும். அதோடு, 50 ஸ்கொயர் கேபிளைக் கடைசி நேரத்தில் முறுக்கித் திருப்ப முடியாது. போல்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப லக்கையும் உறையையும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, அந்தக் கோடு பிசகாமல் அழுத்துவார் நல்ல மெக்கானிக். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், சைலன்சர் மூன்றுக்கும் விலகி, ஒரு முழத்துக்கு ஒரு கிளாம்ப் என்று அவர் ஓட்டிய கேபிள் பார்க்கவே நிறைவாக இருக்கும்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ் ஒன்று வேண்டும். வழியில் உறை கிழிந்து தகட்டில் பட்டால் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். விரிப்பு எரிய நொடிகள் போதும். ஈ46இல் இதற்குத் தனி ஏற்பாடு: மோதல் நடந்தால் பேட்டரி முனையிலேயே ஒரு சிறு வெடிமருந்து வெடித்து, ஸ்டார்ட்டர் கேபிளைத் துண்டித்துவிடும். சாதாரண ஆசிட் பேட்டரியானால் ஹைட்ரஜன் வெளியேற ஒரு குழாயும் வேண்டும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும்.

பாசிட்டிவ் கேபிளுக்கு இவ்வளவு செய்துவிட்டு எர்த்தை மறப்பவர்கள் அதிகம். போன மின்னோட்டம் திரும்பியும் வர வேண்டும். டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் அதே 50 ஸ்கொயரில் எர்த்தைப் பூட்டுங்கள்; எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையையும் மாற்றுங்கள். பழைய மினிகளில் அந்தப் பட்டை அறுந்தால் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகப் பாடிக்குப் போகப் பார்க்கும். மெல்லிய சோக் கேபிள் பழுத்து, உறை உருகிப் புகையும்.

எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் போல்ட்டிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் விரிப்பைப் போட்டு மூடலாம். தாண்டினால் கேபிளைத் திட்டாதீர்கள். லக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அழுத்துங்கள்.