ஆயிரம் கொக்கும் ஒரு பொய்யும்

ஆகஸ்டு 6 வந்தால் நம் பள்ளிகளிலும் காகிதக் கொக்கு மடிக்கின்றனர். மடிக்கட்டும், அழகிய செயல்தான். ஆனால் கொக்கோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை எத்தகையது?

அமெரிக்க எழுத்தாளர் எலினார் கோயர் 1977-ல் தீட்டிய ‘சடாகோவும் ஆயிரம் காகிதக் கொக்குகளும்’ எனும் சிறு நூல் பல நாட்டுப் பிள்ளைகள் கையில் உலவுவது. இரண்டு வயதில் ஹிரோசிமாவில் அணுகுண்டுக்கு ஆளான சடாகோ சசாகி, 1955-ல் இரத்தப் புற்றுநோயால் மருத்துவமனையில் கிடக்கிறாள். ஆயிரம் கொக்கு மடித்தால் எண்ணியது கைகூடும் என்பது சப்பானியரின் பழைய நம்பிக்கை. நம்பி மடிக்கிறாள். 644-ல் கை ஓய்கிறது. எஞ்சிய 356-ஐத் தோழர்கள் மடித்து முடிக்கின்றனர். கண்ணீர் வரவழைக்கும் நடைதான், மறுக்கவில்லை.

நடந்ததோ வேறு. அவ்வாண்டு ஆகஸ்டு முடியுமுன்பே அவள் ஆயிரத்தை எட்டிவிட்டாள்; பின்னும் மடித்தாள் என்பதே ஹிரோசிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் கூறும் செய்தி. ஆயிரம் ஆயிற்று. நோய் தீரவில்லை. அக்டோபர் 25-ல், 12 வயதில் மாண்டாள்.

எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்பார் சிலர். எல்லாம் அதில்தான் இருக்கிறது! ஆயிரம் முடிந்தும் இறந்தாள் என்றால் நம்பிக்கை பொய்த்தது என்று பிள்ளை தானே தெளிவான். 644-ல் நின்றாள் என்றாலோ, நம்பிக்கை தப்பித்துக்கொள்கிறது. குறை அவள் விரல்களின் மேல் விழுகிறது. வடக்கனந்தலில் இக்கதையைச் சொல்லிப் பாருங்கள், “ஆயிரமும் மடித்திருந்தால் பிழைத்திருப்பாளா?” என்றுதான் பிள்ளைகள் கேட்பர். கல்வராயன் மலையடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், நேர்த்திக்கடனில் குறை வைத்தாய் என்று பூசாரி சொல்வதும் இதே கணக்குத்தானே! மருத்துவமனைக்குக் காலத்தில் கொண்டுபோனார்களா என்று கேட்பாரில்லை.

நூலின் மற்றொரு குறை, பெரிய செய்தியைப் பின்னுரையின் சில வரிகளுக்குள் அடக்கிவிட்டது. சடாகோ மறைந்ததும் வகுப்புத் தோழர்கள் அழுது ஓயவில்லை. அடுத்த மாதமே, ஹிரோசிமாவில் கூடிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் மாநாட்டின் வாயிலில் நின்று துண்டறிக்கை வழங்கினர். குண்டுக்கு இரையான குழந்தைகளுக்கு ஒரு சிலை வேண்டும், உதவுங்கள் என்றனர். சப்பானில் 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் பணம் அனுப்பின. அயல்நாடுகள் ஒன்பதும் அனுப்பின. 1958 மே 5, சப்பானில் குழந்தைகள் நாள். அன்று திறக்கப்பட்டது அச்சிலை. உயரம் 9 மீட்டர். ஒருத்திக்கென எழுந்த எண்ணம் மாண்ட குழந்தைகள் அனைவருக்குமாக விரிந்ததே, அது யார் கற்பித்த பாடம்?

நம் நாட்டிலும் பிள்ளைகள் உண்டியல் ஏந்துகின்றனர். திருவிழாவுக்கும், யாரோ ஒரு பெரியவர் முடிவு செய்த கட்டடத்துக்கும். எதற்குத் திரட்டுகிறோம் என்று கேட்டால் விழிப்பர். பெட்டியைத் தூக்கும் கை மட்டுமே பிள்ளையுடையது. ஹிரோசிமாப் பிள்ளைகளுக்கும் பெரியவர் துணை இருந்தது, உண்மை. எனினும் துண்டறிக்கை ஏந்தி நின்றவர்கள், எதற்காக நிற்கிறோம் என்பதை அறிந்தே நின்றனர். கோயருக்கு இது கதையாகவே படவில்லை போலும்!

தமிழில் இதைச் சொல்ல முற்படுவோர் 644-ஐ அடித்துவிட்டு, அந்த மாநாட்டு வாயிலிலிருந்து தொடங்கலாம்.