விண்ட கல்

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க்கின் 'ஆக்சிடென்ட்' என்ற கல்லச்சுப் படத்தில் முதலில் கண்ணை இழுப்பது அவர் வரையாத ஒன்று. கருப்பும் சாம்பலுமாக அப்பிக் கிடக்கும் தீற்றல்களுக்கு நடுவே, தாளைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பிளவு ஓடுகிறது. அடியில் கொஞ்சம் கல் சில்லுகள்.

இந்தப் படம் அச்சானது, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் டாட்யானா குரோஸ்மன் தன் வீட்டிலேயே வைத்திருந்த அச்சுப் பட்டறையில். முற்றத்து நடைபாதையில் பதித்துக் கிடந்த இரண்டு அச்சுக்கற்கள் கண்ணில் பட்டதில்தான் அந்தப் பட்டறையே பிறந்தது என்பார்கள். அவர் அழைத்தபோது, இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் போய்க் கல்லில் எழுதுவதா என்று கேலி பேசியவர் ரௌஷன்பர்க். வந்த பிறகு விடவில்லை. செய்தித்தாள் அச்சகம் கழித்துப்போட்ட படக் கட்டைகளைக்கூடக் கல்லில் ஒற்றிப் பார்த்தார்.

கல்லச்சில் செதுக்கும் வேலை கிடையாது. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையால் வரைய வேண்டும். பிறகு கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், பசையுள்ள இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். ஈரமான இடத்தில் ஒட்டாது. மேலே தாளை வைத்து, பலமாக அழுத்தி இழுக்க வேண்டும். 1963இல் இந்தப் படத்தை அப்படி இழுக்கும்போதுதான் கல் விண்டது. வேறொரு கல்லில் மறுபடி செய்தார். அதுவும் விண்டது.

மூன்றாவது கல்லைத் தேடாமல், விண்டதையே வைத்து அச்செடுத்தார். அந்த வருஷம் லுப்லியானா சர்வதேச அச்சோவியக் கண்காட்சியில் உயர்ந்த பரிசும் கிடைத்தது. பரிசு கிடக்கட்டும். எனக்கு ருசிப்பது அந்தச் சில்லுகள். பிளவு தானாக வந்தது, வேறு வழியில்லை என்று யாரும் சகித்துக்கொள்ளலாம். உதிர்ந்ததைக் கூட்டித் தள்ளாமல் பொறுக்கி, பிளவின் காலடியில் எங்கே வைத்தால் நிற்கும் என்று பார்த்திருக்கிறாரே, அந்தக் கையைத்தான் நான் திரும்பத் திரும்பத் தேடிப் போகிறேன்.

இன்னொன்று. ஓவியனுக்குச் சாயம் சிந்தினால் அது ஒருமுறையோடு போயிற்று. அச்சுக்காரருக்கு அப்படியில்லை. இந்தப் படம் 29 பிரதிகள். ஒவ்வொன்றுக்கும் கல்லை நனைக்க வேண்டும், மையிட வேண்டும். விண்ட பாதிகளின் இடைவெளி மாறிவிடக்கூடாது. சில்லுகளும் இடம் பெயரக்கூடாது. நடந்த விபத்தை, ஒரு நூல் பிசகாமல், 29 தடவை நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.