இளையோர் வரலாற்று நூல்களில் பெயர் பெற்றோரும் பெயரற்றோரும்: வாலாஜாபேட்டை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இளையோர்க்கு வரலாற்றையும் சான்றோர் வாழ்வையும் அறிமுகப்படுத்தும் தமிழ் நூல்கள், வரலாற்றைத் தனியொருவரின் மன உறுதியால் நிகழ்ந்த திருப்பமாகச் சுருக்கிவிடும் போக்கினை இக்கட்டுரை ஆராய்கிறது. வாலாஜாபேட்டையைச் சூழ்ந்த பாலாற்று வட்டாரத்தோடு தொடர்புடைய மூன்று வரலாறுகள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அவை 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சி, மருத்துவர் ஐடா ஸ்கடர் வாழ்வு, மு. வரதராசனார் வாழ்வு ஆகியனவாகும்.

திறவுச் சொற்கள்: இளையோர் இலக்கியம், வாழ்க்கை வரலாறு, வேலூர்ப் புரட்சி, ஐடா ஸ்கடர், மு.வ., தோல் தொழில்

முன்னுரை

தமிழில் சிறுவர்க்கான அறிவு நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெருவளர்ச்சி கண்டன. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும், பெரியோரின் இளமை நிகழ்ச்சிகளைக் கூறும் அழ. வள்ளியப்பாவின் ‘சின்னஞ்சிறு வயதில்’ போன்ற நூல்களும் இவ்வளர்ச்சியின் அடையாளங்கள். இவற்றுள் கலைக்களஞ்சியம் பொருள்வாரியாக அறிவைத் தொகுப்பது. வாழ்க்கை வரலாறு ஒருவரைப் பின்தொடர்ந்து செல்வது. பின்னதே கதைத்தன்மை மிக்கது. ஆதலின் பள்ளிப் பரிசளிப்பு முதல் பேச்சுப் போட்டி வரை அதுவே மிகுதியாகப் பயன்படுகிறது.

இளமையில் வறுமை அல்லது இடையூறு, ஒரு திருப்புமுனை, அயரா முயற்சி, வெற்றி, நீதி என்னும் ஐந்து படிகளே இவ்வகை நூல்களின் பொது அமைப்பு. இவ்வமைப்பு எதை எடுத்துக்காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை ஒரு வட்டார வரலாற்றில் பொருத்திப் பார்த்தல் பயனுடையது.

நாயகரை மாற்றுதலும் அமைப்பு மாறாமையும்

1806 சூலை 10ஆம் நாள் விடியற்பொழுதில் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிச் சமயக் குறிகளையும் தாடியையும் தடைசெய்த ஆணைகளும், விலங்குத் தோலாலான இலச்சினை பொருத்திய புதிய வகைத் தலைப்பாகையும் உடனடிக் காரணங்கள். கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தாரும், ஏற்றப்பட்ட மைசூர்க் கொடியும் அக்கிளர்ச்சிக்கு அரசியல் பொருள் தந்தன. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்த கர்னல் கில்லஸ்பி அன்றே கோட்டையை மீட்டார்.

ஆங்கிலப் பேரரசின் இளையோர் வாசிப்பில் இந்நாளின் நாயகர் கில்லஸ்பியே. ஹென்றி நியூபோல்ட் அவர் பெயரையே தலைப்பாக்கிக் கவிதை இயற்றினார். விடுதலைக்குப் பிந்தைய தமிழ் நூல்கள் இப்பார்வையைத் திருப்பி, சிப்பாய்களை நாயகராக்கின. இத்திருப்பம் நேரியது, தேவையானது. ஆயினும் கதையின் கட்டமைப்பு மாறவில்லை என்பது நோக்கத்தக்கது. ஓரிரவு, ஒரு வீரச்செயல், ஒரு கொடி என்ற அளவிலேயே நிகழ்வு நிற்கிறது. ‘முதல் விடுதலைப் போர்’ என்னும் பட்டம் விளக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இக்கதையில் விடுபடுவன இரண்டு. கிளர்ச்சியின்போது மருத்துவமனையில் படுத்திருந்த ஐரோப்பிய நோயாளிகளும் கொல்லப்பட்டனர் என்பது ஒன்று. கோட்டை வீழ்ந்தபின் நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தியை எழுதி வைத்தவர் கோட்டையை மீட்ட படையில் இருந்த ஜான் பிளாக்கிஸ்டன் என்னும் அதிகாரி. அதனை அவர் தக்க தண்டனையாகவே கருதினார். கொல்லப்பட்டோரின் முடிவு கொன்றோர் தரப்பின் எழுத்து வழியாகவே நமக்குத் தெரியவருகிறது. வரலாற்றுச் சான்று என்றால் என்ன என்பதைப் பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு உணர்த்த இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. நாயகக் கதையோ சான்றைப் பற்றிப் பேசுவதற்கே இடம் தருவதில்லை.

ஓர் இரவும் மூன்று பெண்களும்

இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடரின் வாழ்வு, இளையோர் நூல்களுக்கெனவே அமைந்தது போன்றது. திண்டிவனத்தில் ஒரே இரவில் பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவி வேண்டி ஒரு பிராமணர், ஓர் இசுலாமியர், மற்றோர் இந்து என மூவர் தனித்தனியே வருகின்றனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் இசையவில்லை. மறுநாள் மூன்று பெண்களும் இறந்துபட்ட செய்தி வருகிறது. இளம் ஐடா மருத்துவம் பயில உறுதி பூணுகிறார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய பணி, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது.

இவ்வரலாற்றின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. திறனாய்வுக்குரியது அது சொல்லப்படும் முறையே. மூன்று பெண்களின் சாவு ஒருவரின் மனமாற்றத்திற்குக் கருவியாகி, அத்துடன் கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. அவர்களுக்குப் பெயரில்லை, கணவரின் சாதி, சமய அடையாளமே உண்டு. பெண்ணுடல் குறித்த முடிவை ஆண்கள் எடுத்த குடும்ப அமைப்பு யாது, அந்நாளில் பேறு பார்த்த மருத்துவச்சியர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. முதல் மருத்துவமனைக்கு அடிப்படையான நன்கொடை, நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்தது. சமயப் பணி அமைப்பும் அயல்நாட்டுச் செல்வமும் இணைந்தே மன உறுதியை நிறுவனமாக்கின. இதனைக் கூறுவதால் ஐடாவின் சிறப்புக் குறையாது. ஒரு நிறுவனம் எவ்வாறு உருவாகிறது என்னும் அறிவு வாசகருக்குக் கூடும்.

முயற்சிக் கதையும் அதன் எல்லையும்

வாலாஜாபேட்டையை அடுத்த வேலம் என்னும் சிற்றூரைப் பூர்விகமாகக் கொண்டவர் மு. வரதராசனார் (1912–1974). இவ்வகை நூல்களில் அவருக்கு இருநிலைத் தொடர்பு உண்டு. காந்தியண்ணல், கவிஞர் தாகூர், அறிஞர் பெர்னாட்ஷா, திரு.வி.க. என நான்கு வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர் அவர். பின்னாளில் தாமே இளையோர் நூல்களின் பாடுபொருளானவரும் அவரே. அந்நான்கனுள் மூன்றன் தலைப்புகள் அண்ணல், கவிஞர், அறிஞர் என மதிப்புரைச் சொல்லைத் தாங்கி நிற்றல் கருதத்தக்கது. நூலைத் திறக்கும் முன்பே வாசகர் வணங்கும் நிலையில் வைக்கப்படுகிறார். இத்துறையின் பொதுமரபு அது.

மு.வ.வைப் பற்றிய எழுத்துகளும் இம்மரபிற்கு விலக்கல்ல. வட்டாட்சியர் அலுவலக எழுத்தர், உடல்நலக் குறைவால் பணி துறந்தார், தனியே தமிழ் பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்றார், துணைவேந்தரானார் என்பது கதைப்போக்கு. இதில் முயற்சி முன்னிற்கிறது. கல்லூரியில் சேராதாரும் எழுதத்தக்கதாக அமைந்திருந்த வித்துவான் தேர்வும், முதல் மாணவருக்குத் திருப்பனந்தாள் மடம் வழங்கிய 1000 ரூபாய்ப் பரிசும் பின்னிற்கின்றன. வழி திறந்திருந்தமையால் முயற்சி பயன் தந்தது என்னும் உண்மையைச் சொல்லாத நூல், வெற்றி பெறாதோர் முயலாதோரே என்னும் தவறான முடிவிற்கு இளம் வாசகரை இட்டுச் செல்லும்.

இம்முடிவு இவ்வட்டாரத்தில் கடுமையான பொருள் பெறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் செல்வம் தோல் பதனிடுதலால் விளைந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய நுண்திறன், பெரும்பாலும் தீண்டாமையின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களின் உடலுழைப்பில் தங்கியிருந்தது. சுண்ணாம்புக் குழியில் நின்று பணியாற்றியவரின் முயற்சி எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் ‘சான்றோர் வரிசை’யில் அவருக்கு இடமில்லை, அவர் பிள்ளை வாசிக்கும் நூலில் அவர் தொழிலும் இல்லை.

மாற்று முறைக்கான முன்மாதிரி

இளையோர்க்குக் கதையே வேண்டும், சான்றாராய்ச்சி சுமையாகும் என்பது இத்துறையினர் வழக்கமாகக் கூறும் மறுப்பு. நேருவின் அனுபவம் இதற்கு விடையாகிறது. 1928ஆம் ஆண்டுக் கோடையில் பத்து வயது இந்திராவுக்கு எழுதிய மடல்களை அவர் எந்த அரசரின் பெயரோடும் தொடங்கவில்லை. உருண்டு வழவழப்பான ஒரு கூழாங்கல், தான் வந்த வழியைத் தானே சொல்லும் என்ற கருத்தோடு தொடங்கினார். பொருளைப் பார்த்துக் கடந்த காலத்தை ஊகிக்கும் முறையே அங்குப் பாடமாகிறது. அது சுமையாகவும் இல்லை.

பாலாற்று மணலும் இவ்வாறு படிக்கத்தக்கதே. தோல் ஆலைக் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டமை குறித்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. கேடு நேருமுன் காத்தல், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் என்னும் நெறிகள் இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது இவ்வழக்கினால்தான். தனி நாயகர் இல்லாத, பலர் பங்குகொண்ட, காரணமும் விளைவும் சான்றும் தெளிவாக உள்ள வரலாறு இது. வேலையும் வேண்டும், குடிநீரும் வேண்டும் என்னும் சிக்கலுக்கு இதில் எளிய நீதி இல்லை. அதனாலேயே இளையோர் சிந்தனைக்கு இது உரியதாகிறது.

முடிவுரை

வாழ்க்கை வரலாறு இளையோர் வாசிப்பிலிருந்து நீக்கத்தக்கதன்று. ஒருவரின் வாழ்வு வழியே காலத்தைக் காணுதல் இயல்பான வாயில். அவ்வாழ்வு எந்த அமைப்புகளால் இயன்றது, அதை நாம் எச்சான்றால் அறிகிறோம், அதில் பெயரின்றி வந்துபோவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் நூல் இடமளித்தல் வேண்டும். நாயகரை மாற்றுவதால் மட்டும் இக்குறை தீர்வதில்லை என்பதை 1806ஆம் ஆண்டு நிகழ்வின் இருவேறு சொல்முறைகள் காட்டுகின்றன. திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களையும், சுவரோரம் நிறுத்தப்பட்ட சிப்பாய்களையும், சுண்ணாம்புக் குழித் தொழிலாளரையும் கணக்கில் கொள்ளும் இளையோர் நூல்கள் எழுதப்படுங்கால், வாலாஜாபேட்டைப் பள்ளி மாணவர் தம் ஊரையும் வரலாற்றின் பகுதியாக வாசிக்க இயலும். வட்டார வரலாற்று ஆய்வாளரும் சிறுவர் நூலாசிரியரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இதுவாகும்.