மூடிவரும் வண்டி, முந்தும் வாய்

ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-ன் ஓரத்தில் ஒரு தேநீர்க் கடை. இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் கண் எரியக் கண்ணாடித் தம்ளரைப் பிடித்தபடி நிற்பார்கள். டேங்க் முதல் வால்வரை கறுப்பு டேப் சுற்றிய ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போகும். பின்னால் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. இன்னும் கடைக்கு வராத வண்டி என்பதை அந்தப் பலகையே சொல்லிவிடும். கண்ணில் படுவது ஐந்து விநாடிகூட இல்லை. வண்டி மறைவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"முன்னூத்திப் பத்து சி.சி. மச்சி, சத்தத்தக் கேளு."

"போடா, சைலன்சரப் பாத்தியா? நூத்தி இருபத்தஞ்சுக்கு மேல போவாது."

அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வருகிறவர், "குரு, நாமளே பெட் கட்டலாமே" என்பார். கன்னடமும் தெலுங்கும் கலந்த இந்த ஊர்த் தமிழில், அடுத்து என்ன வண்டி வரும் என்ற பேச்சு வானிலைப் பேச்சைப் போல. யாரும் தொடங்கலாம், யாரும் முடிக்க வேண்டியதில்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஓசூர் ஹரிதாவில் இருக்கும் டி.வி.எஸ். ஆலையிலிருந்து 1980-ல் டி.வி.எஸ். 50 வெளியே வந்த காலத்தில், இந்தியாவில் ஸ்கூட்டர் வேண்டுமென்றால் முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எந்த வண்டி என்று கேட்க அன்று இடமே இல்லை. எப்போது கைக்கு வரும் என்பதுதான் ஒரே கேள்வி. தேர்ந்தெடுக்கப் பல வண்டிகள் வந்த பிறகே "அடுத்தது எது" என்ற விளையாட்டு பிறந்தது. அந்த வகையில் இது வசதி வந்த பின் வந்த பழக்கம், ஒயின் பிரியர்களின் பழக்கத்தைப் போல.

ஒயின் பிரியர்களை வேண்டுமென்றேதான் இழுக்கிறேன். எல்லை தாண்டி, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கத்தில் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் ஆலைகளும் இருக்கின்றன. உலகெங்கும் ஒயின் ரசிகர்கள் கூடும் இடத்தில், அடுத்து வரப்போகும் பாட்டில் எது என்று ஊகிப்பது ஒரு தனிச் சுகம். ஆஸ்திரேலியாவின் ஒயின் உலகில் பெரும்புள்ளியாக இருந்த லென் எவன்ஸ் இதை ஒரு விளையாட்டாகவே ஒழுங்குபடுத்தினார். லேபிளை மறைத்து ஊற்றிவிட்டு, விருந்து கொடுப்பவர் கேட்பார்: ஆஸ்திரேலியாவா, பிரான்ஸா? எந்த வட்டாரம்? எந்த வருடம்? ஒவ்வொரு கேள்விக்கும் தப்பாகச் சொன்னவர் விலகி உட்கார்ந்துவிட வேண்டும். கடைசியில் லேபிளைக் காட்டுவார்கள். பந்தா பேசியவர்களில் பாதிப்பேர் முதல் கேள்வியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நம்முடைய தேநீர்க் கடையில் இல்லாதது அந்த "உட்கார வேண்டும்" என்ற விதிதான். இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கிருக்கும் முதல் குறையும் அதுவே. ஆனால் குறைக்கு முன்னால், அதற்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன்.

ஐந்து விநாடியில் ஒரு வண்டியைப் படிப்பது சாதாரணமான காரியமில்லை. முன் ஃபோர்க் தலைகீழா நேரா, பின் டிஸ்க்கின் விட்டம் எவ்வளவு, சங்கிலி எந்தப் பக்கம், ரேடியேட்டர் தெரிகிறதா, ஓட்டுபவரின் முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கண் தனித்தனியாக எடுத்து வைக்கிறது. ரேடியேட்டர் இருந்தால் திரவக் குளிர்ச்சி; அப்படியானால் விலை ஒரு படி மேலே. கால்வைக்கும் இடம் முன்னே தள்ளியிருந்தால் குரூசர் குணம். ஐ.டி.ஐ.யிலோ டிப்ளமோவிலோ பாடமாகப் படித்ததைத் தெருவில் ஓடும் பொருளில் சரிபார்க்கும் பயிற்சி இது. வணிகக் குறிப் பதிவேட்டின் இதழ் திங்கட்கிழமைதோறும் வருகிறது, காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. இந்த இரண்டையும் வரி வரியாகத் துழாவுகிற பையன்கள் இருக்கிறார்கள். அரசிதழ் மொழியைக் காசு வாங்காமல் படிக்கிறவர்களை வேறு எங்கே பார்க்க முடியும்?

இப்படிப் படித்தது பலித்தும் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் டெல்லிப் பக்கம் நடந்த ஆட்டோ எக்ஸ்போவில் டி.வி.எஸ். 'அகுலா 310' என்ற மாதிரி வண்டியைக் காட்டியது. 2013-ல் பி.எம்.டபிள்யூ.வுடன் போட்ட ஒப்பந்தத்தை நினைவில் வைத்திருந்தவர்கள், இது கண்காட்சியோடு நின்றுவிடாது, இதே எஞ்சினில் முழு ஃபேரிங் போட்ட வண்டியாக வரும் என்றார்கள். 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வந்தது. ஏத்தர் விஷயமும் அப்படித்தான். ஓசூர் ஆலையில் 450 வகை ஸ்கூட்டர்களைச் செய்துகொண்டிருந்த அந்த நிறுவனத்தின் வேறொரு வண்டி, மறைப்புப் போட்டபடி சாலையில் தென்பட்டது. சீட் நீளம், தரை சமதளம். குடும்பத்துக்கான ஸ்கூட்டர் வருகிறது என்று பார்த்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் ரிஸ்டா வந்தது.

இனி பலிக்காதவை. 'ஃபியரோ 125' என்ற பெயருக்கு டி.வி.எஸ். பதிவு கேட்டிருந்தது வெளியே தெரிந்ததும், சுசூகியோடு கூட்டாக இருந்த காலத்து ஃபியரோவை நினைத்து நாற்பது வயதுக்காரர்களுக்குக் கண் கலங்காத குறை. ஃபியரோ திரும்ப வருகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 2021 செப்டம்பரில் வந்த 125 சி.சி. வண்டிக்குப் பெயர் ரைடர். அடுத்தது ஜெப்பெலின். 2018 ஆட்டோ எக்ஸ்போவில் வைத்த குரூசர் மாதிரி அது. 48 வோல்ட் பேட்டரி உதவியோடு ஓடும் 220 சி.சி. எஞ்சின் என்று அப்போது சொன்னார்கள். 'ஜெப்பெலின் ஆர்' என்ற பெயருக்கும் பதிவு கேட்டிருந்தார்கள். ஆகவே 2022 ஜூலை 6-க்கு நிறுவனம் நாள் குறித்ததும், வருவது ஜெப்பெலின்தான் என்று கடைசி நாட்கள்வரை ஒரு கூட்டம் நம்பியது. வந்தது ரோனின். பேட்டரி உதவியும் இல்லை, படுத்த குரூசர் வடிவமும் இல்லை. இத்தனைக்கும் 'ரோனின்' என்ற பெயரும் அதே பதிவேட்டில்தான் இருந்தது. கண்ணுக்கு முன்னால் கிடந்ததை எடுக்காமல், மனதுக்குப் பிடித்ததை எடுத்தார்கள்.

பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர் கதை இன்னும் கசப்பு. 2015 நவம்பரில் உலகுக்குக் காட்டிய வண்டி. செய்தது ஓசூரில். 2017-ல் வெளிநாட்டுச் சாலைகளில் ஓடத் தொடங்கிவிட்டது. இங்கே மட்டும் "இந்தத் தீபாவளிக்கு", "அடுத்த எக்ஸ்போவுக்கு" என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2018 ஜூலையில் 2.99 லட்சம் ரூபாய் என்ற விலையோடு வந்தபோது, குறைவாக எதிர்பார்த்தவர்கள் முகம் சுருங்கியது. கிணற்றடியில் குடியிருந்தும் கடைசிக் குடம் நமக்கு.

பலித்தவற்றையும் பலிக்காதவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. உருவத்தைப் பற்றிய ஊகம் பெரும்பாலும் நிற்கிறது. பெயர், நாள், விலை பற்றிய ஊகம் சரிகிறது. காரணம் ஆலைக்குள் போய்வந்தவர்களுக்குப் புரியும். ஃபிரேமும் சக்கர இடைவெளியும் எஞ்சின் அமைப்பும் ஒருமுறை முடிவாகி, டை வெட்டி, ஜிக் செய்து, வெண்டருக்கு ஆர்டர் போன பிறகு மாற்றுவது பெரும் செலவு. டேப் சுற்றினாலும் உடம்பின் அளவு மறையாது. பெயரும் விலையும் காகிதத்தில் இருப்பவை. கூட்ட அறையில், வருவதற்குக் கொஞ்ச நாள் முன்புகூட மாறலாம். ஒரு நிறுவனம் நாலைந்து பெயர்களுக்குப் பதிவு கேட்டுவைப்பது, பிள்ளை பிறக்குமுன் பெயர்ப் பட்டியல் எழுதி வைப்பதைப் போல. பட்டியலில் இருக்கிற பெயருக்கெல்லாம் பிள்ளை பிறக்காது. தேநீர்க் கடையிலோ இரண்டு வகை ஊகத்துக்கும் ஒரே குரல்தான், ஒரே உறுதிதான்.

யாரும் கணக்கு வைப்பதும் இல்லை. பலித்ததை ஆறு மாதம் சொல்லிக் காட்டுவார்கள். பலிக்காதது வாயோடு போயிற்று. லென் எவன்ஸின் மேசையில் தப்பாகச் சொன்னவன் எல்லோரும் பார்க்க உட்கார்கிறான். அடுத்த முறை நாக்கு கொஞ்சம் தயங்கும். இங்கே அந்தத் தயக்கம் வர வழியே இல்லை. சென்ற ஆண்டு நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் தேதி போட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதத் தொடங்கினேன். இரண்டே வாரத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறியது.

வாய்ப்பேச்சுதானே, யாருக்கு என்ன நட்டம் என்று விட்டுவிட முடியவில்லை. எனக்குத் தம்பி முறையாகும் ஒருவன், மூக்கண்டப்பள்ளியில் காண்ட்ராக்ட் வேலை. கையில் முன்பணம் இருந்தது, வண்டியும் தேர்ந்தாயிற்று. "அவசரப்படாத, புதுசு வருது" என்று நாலு பேர் சொன்னார்கள். ஒன்றேகால் வருடம் ஷேர் ஆட்டோவில் போய்வந்தான். புதுசு வந்தபோது அவன் தொட முடியாத விலையில் இருந்தது, பழையதின் விலையும் ஏறியிருந்தது. சொன்ன நாலு பேரும் தங்கள் வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆவலை நிறுவனங்களும் நன்றாகவே அறிந்திருக்கின்றன. பணம் கொடுக்காமல் கிடைக்கும் விளம்பரத்தை யார் வேண்டாம் என்பார்கள்? கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக், ஆகஸ்ட் 15 என்ற நாளையே ஊகத்துக்கான திருவிழாவாக்கியது. 2021-ல் அந்த நாளில் எஸ்1 ஸ்கூட்டர் வந்தது. 2022-ல் அதே நாளில், 2024-ல் மின்சாரக் கார் வரும் என்ற அறிவிப்பு வந்தது. கார் வரவில்லை. 2023-ல் நான்கு மோட்டார் சைக்கிள் மாதிரிகளைக் காட்டினார்கள். 2024-ல் ரோட்ஸ்டர் வரிசைக்கு விலை சொன்னார்கள். வண்டி வாங்கியவர் கைக்குப் போகத் தொடங்கியது 2025-ல். ரசிகனின் ஊகம் தப்பினால் சிரிப்போடு போகும். நிறுவனமே மேடையேறி நாள் சொல்லும்போது அது வாக்காகிவிடுகிறது. இரண்டையும் ஒரே ஆர்வத்தோடு கைதட்டி வரவேற்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சோதனை வண்டியை விரட்டிப் படமெடுக்கும் வெறியைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. லாரி மேல் லாரி போகும் அந்தச் சாலையில் ஒரு கையில் கைபேசி, ஒரு கையில் ஆக்சிலரேட்டர். முன்னால் போகிறவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர். அவருக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கிறது.

ஆனால் இந்த ஊரின் ஊகத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. ஒயின் மேசையில் விருந்து கொடுப்பவர் ஒருவருக்குத்தான் விடை தெரியும். இங்கே விடை தெரிந்தவர்கள் கூட்டத்திலேயே கலந்திருப்பார்கள். டூல் ரூமில் அந்த ஃபிரேமின் ஃபிக்சரைச் செய்தவர், சிட்கோ பேட்டையில் புதிதாக வந்த ஒரு பிராக்கெட்டுக்கு அளவு பார்த்தவர், பெயின்ட் ஷாப்பில் புதிய நிறத்தை முதலில் பார்த்தவர். கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் கைபேசியை உள்ளே விடுகிறார்கள். வெளியே வாய் திறந்தால் வேலை போகும். பேசாமல் நின்றாலோ, "அண்ணனுக்குத் தெரியும்டா" என்று பிடித்துக்கொள்வார்கள்.

அதனால் அவர்களும் ஊகிப்பார்கள். தப்பாக. கறுப்பு டேப் வண்டி கடந்துபோன அந்தக் காலையில், "நூத்தி அறுபதா இருக்கும் தம்பி" என்று பெரியவர் ஒருவர் ரொம்ப யோசித்துச் சொன்னார். பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. அவரும் சிரித்தபடி தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, தம்முடைய பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.